கர்ணனின் புஜக்கட்டையும் சீரியல் ஊக்கும்

தருமபுரிக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து. பழக்க தோஷம், நேராக வேடம் கட்டும் கொட்டகைக்குப் போய்விட்டேன். நான் முதலில் ஊசி பிடித்ததே இப்படி ஒரு கொட்டகையில்தான்.

கர்ணனுக்குப் புஜக்கட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், தோளில் மாட்டும் அணி. கல்யாண முருங்கை மரம், மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும். தூக்கினால் கனமே இருக்காது. விடிய விடிய ஆடுகிறவருக்கு இரும்பிலா செய்து மாட்ட முடியும்? கடைசி வரிசைக்கும் மின்ன வேண்டும், அதுதான் கணக்கு.

இப்போது நான் உடை பார்க்கும் டிவி சீரியலுக்குப் போனால் கணக்கு தலைகீழ். ஜிகினா கேமராவில் கண்ணைக் குத்தும், பொடிக்கோடு போட்ட சட்டை திரையில் அலையடிக்கும். அதைவிடக் கொடுமை கன்டினியூட்டி. வாசலில் அழுத மருமகள் கூடத்துக்குள் வருவதைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். அதே புடவை, அதே மடிப்பு, தோளில் அதே இடத்தில் ஊக்கு. ஒருமுறை ஊக்கு இடம் மாறி, அரைநாள் ஷூட்டிங் போச்சு. திட்டு எனக்குத்தான்.

"என்னப்பா, டிவியில உன் பேரு வருதாமே, கண்ணுலயே படல?" என்றார் கூத்து வாத்தியார்.

"வருது வாத்தியாரே, வேகமா ஓடிடும்."

"சரி, அந்தப் பாவாடை நாடாவை இழுத்துக் கட்டு."

கட்டினேன்.