ரெண்டு சேர்வர், ஒரு மவுண்ட்: மட்டக்களப்பு லேப் ஒண்டுல நான் பட்ட பாடு

மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு மெடிக்கல் லேபுக்கு நான்தான் சேர்வர் வேல பாக்கிறன். சுகர், டெங்கு, சலம், தைரொயிட் என்டு விடிய ஆறு மணிக்கே ஆக்கள் வந்து குந்தியிருப்பாங்க, எடுக்கிற ரிப்போட் எல்லாம் பிடிஎஃபா ஒரே போல்டருக்குள்ள போய் விழும், கவுண்டர்ல இருக்கிறவங்க அதத் திறந்து பிரின்ட் எடுத்துக் குடுப்பாங்க. 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட வெட்டின காலத்தில இருந்த ஒரே சேர்வரும் படுத்திட்டுது. அதுக்குப் பொறகுதான் டொக்டர், "இனி ஒரு மெசின நம்பியிருக்கேலாது தம்பி" என்டு ரெண்டாவது சேர்வர் வாங்கித் தந்தார்.

செட்டப் இதுதான். ரெண்டு மெசின்லயும் ஒவ்வொரு டிஸ்க், நடுவில டிஆர்பிடி, ஒண்டுல எழுதுறத அது உடனே மற்றதுலயும் எழுதும். ஆர் ப்ரைமரி (எழுதுற பக்கம்), டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும் (ஒரு போல்டரோட கொழுவித் திறக்கிறது), கவுண்டர் தேடி வாற ஐபி விலாசம் எங்க நிக்கணும் என்டு தீர்மானிக்க பேஸ்மேக்கர், கோரோசிங் என்ட ரெண்டு சொப்ட்வெயார், இப்படிச் சேந்து ஓடுற மெசின்களத்தான் கிளஸ்டர் என்டுறது. பைல்சிஸ்டம், அதாவது டிஸ்க்குல பைல அடுக்கி வைக்கிற முறை, இஎக்ஸ்டி4, அது ஒரு நேரத்தில ஒரு மெசின்ல மட்டும்தான் மவுண்ட் ஆகலாம். 2013ல புதுப்பாலம் திறக்க முந்தி கல்லடிப் பாலத்தால போய் வந்த ஆக்களுக்கு இது லேசா விளங்கும், ஒரு பக்கத்து வாகனமெல்லாம் வந்து முடிஞ்சாத்தான் மற்றப் பக்கத்த விடுவாங்க, அவசரம் என்டு ரெண்டு பக்கமும் ஏறினா பாலத்தில ஒருத்தராலயும் அசையேலாது. ஜிஎஃப்எஸ்2 மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில ஏறக்கூடிய பைல்சிஸ்டமும் இருக்குத்தான், ஆனா அதுக்கு லொக் மனேஜர் அது இது என்டு வேல கூட, ஒரு லேபுக்கு அவ்வளவு தேவையில்ல.

முதல் பிழ நான் விட்டது எஃப்எஸ்டேப்ல, மெசின் எழும்பேக்க எந்த டிஸ்க்க எங்க மவுண்ட் பண்ணணும் என்டு எழுதி வைக்கிற பைல் அது. வழமையா ஒரு டிஸ்க் போட்டா கை தானா அந்த பைல்ல ஒரு வரி எழுதுமே, அப்படியே எழுதிட்டன். கார்த்திக மாச மழை, நடுச்சாமத்தில கரண்ட் போய் வந்திருக்கு, ரெண்டாவது மெசின் எழும்பேக்க டிஆர்பிடி இன்னும் தொடங்கல்ல, மெசின எழுப்பி விடுற சிஸ்டம்டி 90 செக்கன் அந்த டிஸ்க்குக்காகக் காத்திட்டு எமர்ஜென்சி மோடுக்குள்ள போய் நிண்டிட்டுது. அதுக்குள்ள எஸ்எஸ்எச் இல்ல, தூரத்திலருந்து உள்ள போகேலாது. கல்லடியிலருந்து மழைக்குள்ள மோட்டர்சைக்கிள்ல வந்து கீபோட் குத்தித்தான் எழுப்பினன். அந்த வரியத் தூக்கியிருக்கணும், நான் தூக்காம நோஃபெயில் என்டு ஒரு சொல்ல மட்டும் சேத்துட்டுப் போயிட்டன். மெசின் எழும்பும்தான். ஆனா மவுண்ட் ஆகாமலே எழும்பும், அதுக்குள்ள இருந்த ஆபத்து எனக்கு அண்டைக்கு விளங்கல்ல.

ரெண்டு கிழமை கழிச்சு ஒரு நாள் விடிய கவுண்டர்ல இருக்கிற அக்காட கோல். "என்ன மனே இது, நேத்து வர எடுத்த ரிப்போட் ஒண்டையும் காணல்ல, இண்டைக்கு எடுத்தது மட்டும் கிடக்கு." எனக்கு நெஞ்சு திக் என்டிச்சி. உள்ள போய்ப் பாத்தா டிஆர்பிடி ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு, முதலாவது மெசின்ல மவுண்ட் இருக்கு, பழைய ரிப்போட் எல்லாம் அப்படியே இருக்கு, ஆனா ஐபி நிக்கிறது ரெண்டாவது மெசின்ல. முதல் நாள் ராவும் கரண்ட் போய் வந்திருக்கு, எழும்பேக்க ஐபி ஒரு பக்கம் மவுண்ட் ஒரு பக்கம் என்டு பிரிஞ்சிட்டுது, ஏனெண்டா ரெண்டும் ஒரே இடத்திலதான் நிக்கணும் என்டு நான் கிளஸ்டருக்குச் சொல்லவேயில்ல.

உடனே ஐபிய முதல் மெசினுக்கு மாத்திட்டன். பழைய ரிப்போட் எல்லாம் வந்திட்டு. மறுகா அக்கா திரும்பவும் எடுக்கிறா, "இப்ப இண்டைக்கு எடுத்ததுகளக் காணல்ல மனே, வெளிய ஆக்கள் காத்துக்கொண்டிருக்காங்க."

அப்பதான் விளங்கிச்சி. மவுண்ட் ஆகாத நேரத்திலயும் அந்த போல்டர் என்டது மெசிண்ட சொந்த டிஸ்க்கான ரூட் டிஸ்க்குல ஒரு வெறும் போல்டரா இருக்குதானே. ரெண்டாவது மெசின் அந்த வெறும் போல்டரத்தான் என்எஃப்எஸ்ல, நெட்வேர்க்கால போல்டரப் பகிர்ற முறையில, கவுண்டருக்குக் காட்டியிருக்கு, லேப் சொப்ட்வெயாரும் மாசத்துக்குரிய போல்டர் இல்ல என்டா தானே உண்டாக்கிட்டு எழுதும், அதனால ஒரு எரரும் வரல்ல, விடியக்காலத்து ரிப்போட் எல்லாம் ரூட் டிஸ்க்குல போய் விழுந்திட்டுது. அண்டைக்கு ரெண்டாவது மெசின்ல மவுண்ட் இல்லாதபடியா நேரயே கண்டெடுத்து கொப்பி பண்ணிட்டன், ஆனா அதுக்கு மேல மவுண்ட் ஆகியிருந்தா கீழ இருக்கிற பைல் கண்ணுக்கே தெரியாது, அப்படி ஆனவங்க ரூட்ட வேற ஒரு இடத்தில பைண்ட் மவுண்ட் பண்ணி (அதே டிஸ்க்க இன்னொரு போல்டர்லயும் காட்டுறது) அதுக்குள்ளால போய்ப் பாக்கலாம், மறைஞ்சு கிடக்கிறது வெளிய வரும். நோயாளிட ரிப்போட் இது, டெங்குக்கு பிளேட்லெட் பாத்திட்டு இருக்கிற பிள்ளைட ரிப்போட்டும் அதுக்குள்ள இருந்திச்சி, ஒரு மணித்தியாலம் பிந்தினதே எனக்குத் தாங்கல்ல.

அண்டைக்கே எஃப்எஸ்டேப் வரிய ரெண்டு மெசின்லயும் அழிச்சன். டிஆர்பிடியும் என்எஃப்எஸ்ஸும் பூட்ல தானா எழும்புறதயும் நிப்பாட்டினன். மறுகா மவுண்ட் இல்லாத நேரம் பாத்து அந்த வெறும் போல்டருக்கு சிஎச்ஏட்டிடிஆர் ப்ளஸ் ஐ போட்டன், இனி ரூட் யூசரால கூட அதுக்குள்ள ஒரு பைல் எழுதேலாது, மேல மவுண்ட் பண்ணுறதுக்கு ஒரு தடையுமில்ல. இந்த ஒரு வரிக் கொமாண்ட ஒவ்வொரு கிளஸ்டர்லயும் போடணும் என்டு நான் அடிச்சுச் சொல்லுவன்.

இதுக்குப் பொறகும் முடியல்ல. போயா நாள், பௌர்ணமி லீவு, லேப் பூட்டு, முதல் மெசின ஸ்டேண்ட்பைல போட்டு எல்லாம் மற்றப் பக்கம் போகுதா என்டு பாத்தன். அன்மவுண்ட் ஆகல்ல. டார்கெட் பிசி, ஆரோ பாவிக்கிறாங்க, என்டு நிக்கிது. ஆர் பிடிச்சு வச்சிருக்கிறது என்டு பாக்க பியூசர் போட்டன், ஒருத்தருமில்ல. எல்எஸ்ஓஎஃப் போட்டன், அதுலயும் ஒண்டுமில்ல. கிளஸ்டர்ட பைல்சிஸ்டம் ஏஜன்ட் அன்மவுண்ட் ஆகாட்டி அந்த மவுண்ட்டுக்குள்ள இருக்கிற ப்ரொசஸ்ஸ நிப்பாட்ட முதல்ல டேர்ம், மறுகா கில் என்டு அடிக்கும், ஆனா அடிக்க ஒரு ப்ரொசஸ் இருக்கணுமே. ஒரு மணித்தியாலத்துக்கு மேல தேடித்தான் புடிச்சன், என்எஃப்எஸ் சேர்வர் ஓடுறது லினக்ஸ்ட உள்மையமான கேர்ணலுக்குள்ள, அது எக்ஸ்போர்ட்டுக்காக, அதாவது போல்டர வெளிய குடுக்கிறதுக்காக, மவுண்ட்டப் பிடிச்சா பியூசருக்குத் தெரியாது. சேர்விஸ் பூட்ல எழும்பாட்டியும் நான் கையால தொடங்கி விட்டது ஓடிட்டுத்தான் இருந்திச்சி. எக்ஸ்போர்ட்ட எடுத்து விட்ட உடனே அன்மவுண்ட் ஆகிட்டுது.

அதனால என்எஃப்எஸ்ஸையும் கிளஸ்டர்ட கையிலயே குடுத்தன். ஒரே குரூப்புக்குள்ள முதல்ல பைல்சிஸ்டம், பொறகு என்எஃப்எஸ் சேர்வர், பொறகு எக்ஸ்போர்ட், கடைசியா ஐபி. தொடங்கேக்க இந்த ஒழுங்கு, நிப்பாட்டேக்க அப்படியே தலைகீழ், ஐபி முதல் போகும், பைல்சிஸ்டம் கடைசியா இறங்கும். முழுக் குரூப்பும் டிஆர்பிடி ப்ரைமரியா இருக்கிற மெசின்லதான் நிக்கணும், ப்ரைமரி ஆன பொறகுதான் தொடங்கணும் என்டு ரெண்டு கட்டுப்பாடு. இந்த ரெண்டும் வேற வேற, இடத்தச் சொன்னா ஒழுங்கு வரும் என்டு நினைக்க வேணாம், ரெண்டையும் சொல்லணும். ஸ்டொப் டைம்அவுட்ட 120 செக்கன் ஆக்கினன். கிளஸ்டர் இடைக்கிடை பாக்கிற மொனிட்டர் வேலைக்கு செக் லெவல் 20 போட்டன், சும்மா விட்டா மவுண்ட் இருக்கா என்டு மட்டும்தான் பாக்கும், 20 போட்டா ஒரு சின்ன பைல எழுதி வாசிச்சும் பாக்கும், டிஸ்க் பழுதாகி ரீட்ஒன்லி ஆகிட்டாலும் பிடிச்சிரும்.

ஸ்டோனித் கதைக்கு வாறன், விடாத மெசின வெட்டி விடுற ஏற்பாடு, பென்சிங் என்டும் சொல்லுவாங்க. படிக்கிறதுக்காக ஓப் பண்ணி வச்சது அப்படியே ஓப்லயே கிடந்திச்சி. அதால அந்த அன்மவுண்ட் தோத்த நேரம் கிளஸ்டர் அந்த ரிசோர்ஸ பிளொக்ட் என்டு நிப்பாட்டிட்டுது, இங்கயும் ஓடல்ல அங்கயும் ஓடல்ல. பேஸ்மேக்கர்ல பிழையில்ல, ஒரு மெசின் விட்டிட்டுது என்டு உறுதியாத் தெரியாம மற்றத எப்படி ஏத்தும். விடாத மெசிண்ட கரண்டயே வெட்டி உறுதிப்படுத்துறதுதான் பென்சிங். நான் ஐபிஎம்ஐல, மெசினுக்குள்ளயே இருந்து கரண்ட ஓன் ஓப் பண்ணுற ஏற்பாட்டில, பென்சிங் போட்டு, பிளக்கக் கழட்டிப் பாத்தன். மற்ற மெசின் ஏறல்ல. பிளக்கக் கழட்டினா ஐபிஎம்ஐக்கும் கரண்ட் இல்ல, அப்ப ஆர் பதில் சொல்லுறது, வெட்டிட்டன் என்ட பதில் வராம மற்ற மெசின் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நிக்கிது. போய்க் கண்ணால பாத்திட்டு பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபேர்ம் என்டு கையால சொன்னாத்தான் அசைஞ்சிச்சி, மெசின் உண்மையிலயே செத்திருந்தா மட்டும் அதச் சொல்லுங்க, இல்லாட்டி ரெண்டு பக்கமும் ப்ரைமரி ஆகி ரெண்டும் வெவ்வேற ரிப்போட் எழுதத் தொடங்கும். டொக்டர்ட்டக் கதைச்சு நெட்வேர்க்கால ஓன் ஓப் பண்ணக்கூடிய பவர் ஸ்ட்ரிப் ஒண்டு எடுத்து அத ஐபிஎம்ஐ தோத்தா பாவிக்க ரெண்டாவது லெவலாப் போட்டன். அதுட கரண்ட் வேற யூபிஎஸ்ல.

இப்ப ஒவ்வொரு போயாவுக்கும் லேபுக்குப் போய் ஒரு மெசிண்ட பிளக்கக் கழட்டுவன், ஒரு மாசம் முதலாவது, மற்ற மாசம் ரெண்டாவது. கவுண்டர் கொம்பியூட்டர்ல பழைய ரிப்போட் ஒண்டையும் அண்டைய டெஸ்ட் ரிப்போட் ஒண்டையும் திறந்து, ரெண்டும் வருதா என்டு பாத்திட்டுத்தான் கதவப் பூட்டுறது.