மாட்டுக் கணக்கு

2002 பெப்ரவரி 22இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த வருடமே மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். வாவிக்கு மேற்கே, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரைச் சனங்களுக்கு ஒப்பந்தத்தை விளங்கப்படுத்துவதுதான் வேலை. வவுணதீவுச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு, தமிழ்ப் பிரதிகளும் மார்க்கர் பேனாக்களுமாக உள்ளே போவோம்.

முதல் கூட்டத்தில் ‘சமாதானம் என்றால் என்ன?’ என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு மணித்தியாலம் நான்தான் கதைத்தேன். கண்காணிப்புக்குழு பற்றிச் சொன்னேன்: மாவட்டத்துக்கு ஐந்து பேர், அரசு இருவர், புலிகள் இருவர், தலைமைக்கு வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர்கள், மதத் தலைவர்கள் போன்றோரை நியமிக்கலாம் என்று இருந்தது. பின்னால் இருந்த வயதானவர் ஒருவர் எழும்பினார்.

“மிஸ், இந்தக் கடதாசியில மாடு எங்கயாவது வருதா?”

எல்லோரும் சிரித்தார்கள். மீன்பிடித் தடையைத் தளர்த்துவது பற்றி அதில் ஒரு பிரிவு உண்டு. மாடு இல்லை.

அவருடைய பட்டியில் பாதிக்கு மேல் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருந்த முஸ்லிம் முதலாளி ஒருவரின் மாடுகள். 1990 தமிழ்-முஸ்லிம் கலவரத்தோடு அவர் வருவது நின்றுபோனது. பன்னிரண்டு வருடத்தில் பழைய பசுக்கள் செத்து, கன்றுகள் கன்று போட்டு, கொஞ்சம் களவும் போயிருந்தன. பெரியவர் ஒன்று மட்டும் விடாமல் செய்திருந்தார்: அந்த வழியில் பிறந்த கன்றுகளுக்கெல்லாம் முதலாளியின் குறியையே சுட்டிருந்தார். பட்டியில் எனக்குக் காட்டினார். ஒரு நாம்பனின் (இளங்காளையின்) தொடையில் புதுக் குறி, புண் இன்னும் ஆறவில்லை.

முதலாளியைத் தேடிப் பிடித்தோம். அந்த ஏப்ரலில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் செய்த உடன்பாட்டில் முஸ்லிம்கள் தங்கள் வயல்களுக்குத் திரும்புவது பற்றிச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஜூனில் வாழைச்சேனையில் நடந்த தமிழ்-முஸ்லிம் மோதலுக்குப் பிறகு யாருக்குத் துணிச்சல் வரும்? மூன்று மாதம் யோசித்து, மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாடு பட்டிக்குத் திரும்பும் நேரம் பார்த்து முதலாளியும் பெரியவரும் பட்டி வாசல் கடப்படியில் நின்று எண்ணினார்கள். இரண்டு தரம் எண்ணியும் கணக்கு ஒத்துவரவில்லை. அப்புறம் மருத மரத்தடியில் இருந்து இருட்டும்வரை கதைத்தார்கள். நாகுகளில் (இன்னும் கன்று போடாத இளம் பசுக்களில்) பாதி பெரியவருக்கு, நாம்பன்களை விற்றுக் காசைப் பிரிப்பது, களவுபோனதைக் கேட்பதில்லை என்று முடிவானது.

நான் குழப்பியது இங்கேதான். இதை எழுதிக் கையெழுத்து வைப்போம், ஒரு சின்ன நிகழ்வாகச் செய்வோம், பெனரும் அடிக்கலாம் என்றேன். இருவர் முகமும் மாறிவிட்டது. “பேர் எழுதின கடதாசி யார்யார் கைக்குப் போகும், மிஸ்?” என்று கேட்டது முதலாளியின் மகன். படுவான்கரையில் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? பெனரை விட்டுவிட்டு, மாடுகளைக் கொண்டுபோக இரண்டு பக்கமும் வேண்டிய அனுமதிக்காக அலைந்தேன். அதுதான் உருப்படியாகச் செய்த வேலை.

மாத அறிக்கையில் ‘பங்குபற்றியோர்’ என்ற கட்டத்தில் ‘ஆண் 3’ என்று எழுதினேன். ஒரு பூச்சியம் விடுபட்டதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். அடுத்த வருடம் கிழக்கில் அவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது. எங்கள் கூட்டங்களும் நின்றன.

பேச்சு முறிவதற்குக் கொஞ்சம் முன்னர் கடைசியாக அந்தப் பட்டிக்குப் போனபோது முதலாளியும் அங்கே நின்றார். இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரித்ததில் ஒரு நாகு குறையுதாம். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவசரமாகக் கிட்டப் போனேன்.

“நீங்க அங்கால இரிங்க மிஸ்,” என்றார் பெரியவர். “இது நாங்க கதைச்சுக்குவம்.”