பீப்பாய்த் தொழிலாளி வில் குரூக்ஸ்

தொழிலாளர் அரசியல் பேச்சு வந்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் லண்டன் பாப்லரைச் சேர்ந்த வில் குரூக்ஸ். பிறந்தது 1852. கப்பலில் வேலை பார்த்த அப்பா விபத்தில் ஒரு கையை இழந்தார். அம்மா இரவெல்லாம் துணி தைத்தும் அடுப்பு எரியவில்லை. சிறுவன் வில் அப்பாவோடும் உடன்பிறந்தவர்களோடும் ஏழைகள் விடுதிக்குப் போனான். அந்தக் காலத்து ஏழைகள் விடுதி கிட்டத்தட்ட சிறைதான். குடும்பத்தைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

14 வயதில் பீப்பாய் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். உரிமை கேட்டுப் பேசியதால் வேலை போனது. வேலை தேடி லிவர்பூல் வரை நடந்தே போனார். பிறகு பாப்லர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுக வாசலில் நின்று தொழிலாளர்களிடம் பேசத் தொடங்கினார். கேட்டவர்கள் அதைக் 'குரூக்ஸ் கல்லூரி' என்றே அழைத்தார்கள்!

என்னை உலுக்குவது அடுத்ததுதான். சிறுவனாக அடைபட்டுக் கிடந்த அதே விடுதியை நடத்தும் வாரியத்துக்கு 1897-இல் தலைவரானார். சாப்பாட்டை மாற்றினார், சிறையுடை போன்ற சீருடையை ஒழித்தார். ஏழைகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்று திட்டினார்கள். அவர் அசரவில்லை. பசி தெரிந்தவன் கையில் அதிகாரம் வந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

1901-இல் பாப்லர் மேயர். 1903-இல் லண்டனின் வூலிச் தொகுதி இடைத்தேர்தலில், கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டையை உடைத்து நாடாளுமன்றம் போனார். முதியோர் ஓய்வூதியத்துக்காக விடாமல் வாதாடினார். 1908-இல் அது சட்டமானது.