வீட்டுக்கு முன்னால் தெருவைப் பார்த்தேன்

ஊருக்கு வெளியே வளர்ந்துவரும் பகுதியில் வாங்குவதற்கு எங்களுக்கு ஒரு வீடு பிடித்திருந்தது. முடிவெடுக்கும் முன், பள்ளி விடும் நேரத்தில் மகளோடு அந்த வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்து பார்த்தேன். வரைபடத்தில் 900 மீட்டர்தான். பாதி வழியில் நடைபாதை சட்டென்று முடிந்து ஜல்லிக் குவியல். லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது; என் விரலை இறுக்கிக்கொண்டாள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால் நடந்து போகிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். 50-ஐத் தாண்டினால் ஆபத்து பலமடங்கு. வரும் வண்டியின் வேகத்தைச் சிறுபிள்ளைகளால் சரியாகக் கணிக்கவும் முடியாது.

பெருமழைக்கு மறுநாள் திரும்பவும் போனேன். சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. மண்ணையெல்லாம் கான்கிரீட் மூடிவிட்டால் தண்ணீர் எங்கே இறங்கும்?

“பூங்கா வரப்போகுது, ஆஸ்பத்திரி வரப்போகுது” என்றார் விற்பவர். வரப்போவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சற்று மேடான அடுத்த தெருவில், வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பேர் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து உள்தெரு வழியாகவே பள்ளிக்குப் போய்விடலாம். அந்த வீட்டை வாங்குவதை விட்டுவிட்டு, இப்போது இந்தத் தெருவில்தான் வாடகை வீடு தேடுகிறோம்.