வலது பின்சக்கரம் மட்டும் "டிக்" என்றது

புளியரை தாண்டி கோட்டைவாசல் எஸ் வளைவில் லாரிகள் நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் அப்படி மாட்டிக்கொண்டேன், சாரல் வேறு, கால் வலிக்கிறதே என்று பார்க்கிங் பிரேக் ஸ்விட்சை இழுத்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு, பக்கத்திலேயே சிவப்பு 'பி' மின்னி மின்னி எரிகிறது. வண்டி நகரவில்லைதான். ஆனால் அதை நம்பிக் காலை எடுக்கத் தைரியம் வரவில்லை, முக்கால் மணி நேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள், இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: வலது பின்பக்க ஆக்சுவேட்டர் (பிரேக்கை இறுக்கும் மோட்டார்) ஃபால்ட், காலிப்பரோடு (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சேர்த்து மாற்றணும், 38,000 ரூபாய். சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் பணத்தைவிட அதில்தான்.

என்னிடம் ஒரு சின்ன ஸ்கேனர் இருக்கிறது, போனில் இணைத்துப் பார்ப்பது. அது "கோட் எதுவும் இல்லை" என்றது. கோட் என்றால் வண்டி தன் கோளாறைக் குறித்துவைக்கும் குறியீடு. காரணம் எளிது. இஞ்சின், கியர் சமாச்சாரக் கோட் 'பி'-யில் தொடங்கும், பாடி இன்னொரு 'பி' (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்ய), பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் சேஸிஸ் கணக்கில் 'சி'. மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இஞ்சினோடு நின்றுவிடும். பிரேக்கைக் கவனிக்கும் கம்ப்யூட்டரான ஏபிஎஸ் யூனிட்டோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

செங்கோட்டையில் குற்றாலம் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி இருக்கிறார், ஆரியங்காவு, தென்மலை வண்டிகளும் அவரிடம் வரும். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. முதலில் பேட்டரி: 12.5 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 14.1. சரி. அப்புறம் என்னை ஸ்விட்சை இழுக்கச் சொல்லிவிட்டு பின்சக்கரம் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து காதைக் கொடுத்தார். இடது பக்கம் "ஊய்ங்" என்று சுற்றி நின்றது. வலது பக்கம் ஒரே ஒரு "டிக்".

இந்த மாதிரி வண்டியில் பார்க்கிங் பிரேக்குக்கு லீவரும் கிடையாது, கேபிளும் கிடையாது. பின்காலிப்பர் ஒவ்வொன்றின் முதுகிலும் கைக்கு அடக்கமாக ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். அது பல்சக்கரம் வழியாக ஒரு திருகைச் சுற்றும், திருகு பிஸ்டனைத் தள்ளும், பேடு டிஸ்க்கைக் கவ்வும். மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறுவதை வைத்துத்தான் கன்ட்ரோல் யூனிட் "போதும், இறுகிவிட்டது" என்று நிறுத்துகிறது. கரண்ட் கணக்கு உதைத்தால் அந்தச் சர்க்யூட்டின் பெயரில் கோட் எழுதிவிடும், அவ்வளவுதான். மோட்டார் எரிந்ததா, திருகு துருப்பிடித்ததா, நடுவில் வயர் போனதா என்பது அதற்குத் தெரியாது. கோட்டில் ஆக்சுவேட்டர் என்று இருந்தால் ஆக்சுவேட்டரை மாற்று என்று அர்த்தமில்லை.

முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியோடு விடாமல் ஸ்டாண்டும் போட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம். மோட்டாருக்கு இரண்டே திருகுதான், பிரேக் ஆயில் ஒரு சொட்டு சிந்தவில்லை. உள்ளே இருக்கும் திருகைக் கையாலேயே சாவி போட்டுத் திருப்பினார், வழவழவென்று சுற்றியது. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்ததும் கையை விட்டுத் துள்ளியது. 38,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன இரண்டும் நன்றாக இருக்கின்றன.

மிச்சம் வயர். நான் பெரிய ஆள் மாதிரி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், பீப் அடித்தது. வயர் ஓகே அண்ணாச்சி என்றேன்.

"மீட்டர் பீப் அடிச்சா வயருக்கு உசுரு இருக்குன்னுதான் அர்த்தம் தம்பி, வேலை பாக்கும்னு அர்த்தமில்ல" என்றபடி பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்துவந்தார். வயரை இரண்டு முனையிலும் கப்ளரிலிருந்து கழற்றி, ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் பல்பு. இடது பக்க வயரில் கண்ணைப் பறித்தது. வலது பக்கம் அகல்விளக்குத் திரி மாதிரி மங்கலாக எரிந்தது. மீட்டரை ஓமில் வைத்து ஒழுங்காக அளந்தால் 3 ஓம். இறுக்கும் நேரத்தில் மோட்டார் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 ஓம் வழியாக 10 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 30 வோல்ட் வேண்டும். பேட்டரியிடம் இருப்பது 12.

ஷாக் அப்சார்பர் பக்கத்தில், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வயர் மடங்கும் இடத்தில் டேப்பைப் பிரித்தார். மேலுறையில் தலைமுடி அளவு கீறல். உரித்தால் உள்ளே செம்பே இல்லை, பச்சைக் களிம்புதான், விரலால் அழுத்தியதும் வத்தல் மாதிரி நொறுங்கியது. இரண்டு மூன்று இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை வைத்துத்தான் மீட்டர் பீப் அடித்திருக்கிறது. களிம்பு உறைக்குள்ளேயே நாலு அங்குலம் ஏறியிருந்தது, நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினார். புது வயர், சால்டரிங், பசை உள்ள ஸ்லீவ், மடங்குவதற்குக் கொஞ்சம் தாராளமாகவே நீளம் விட்டார். கடைசியில்தான் ஸ்கேனரை எடுத்தார், பதிவான அந்தக் கோட் அனைத்தையும் அழித்துவிட்டு பிரேக்கை ஒருமுறை முழுக்க விடவும் இறுக்கவும் வைக்க.

இரண்டு பக்கமும் "ஊய்ங்". 1,200 ரூபாய், ஒரு டீ.

இடது பக்க வயருக்கும் அதே வயசுதான், அதே சாரலில்தான் நனைந்திருக்கிறது. சீசன் முடியட்டும், அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.