தண்டை ஒடித்துப் பறித்ததில் போன மூன்று வாரம்

மழை பிடித்ததும் காட்டுக் காளான்களுக்குப் பெயர் சொல்லப் பழகலாம் என்று இறங்கினேன். எட்டு வாரம் ஆகிறது. நோட்டில் 41 பதிவுகள். அதில் சிற்றினம் வரை தைரியமாக எழுத முடிந்தது ஐந்துதான். பாதிக்கு மேல் பேரினத்தோடு நிற்கிறது, மீதிக்கு நேராக வெறும் கேள்விக்குறி. தின்பதற்காகத் தேடவில்லை. ஒன்றையும் நாக்கில்கூட வைக்கவில்லை.

முதல் மூன்று வாரம் செய்ததெல்லாம் வீண். பார்த்த இடத்தில் மேலே இருந்து ஒரு படம், அப்புறம் தண்டை ஒடித்துப் பையில் போடுவது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 14 படத்திலும் ஒரே மாதிரி குடை, கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் பழுப்பு. தொப்பியின் நிறத்தை நம்பித்தான் ஏமாந்தேன். ஒரு நாள் மழையிலேயே அது வெளுத்துவிடுகிறது, மேலே ஒட்டியிருக்கும் செதில்கள் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. காலையில் மூடிய குடையாக இருந்தது மாலையில் தட்டையாகி வேறு ஆளாக நிற்கிறது.

நாலாவது வாரம் பழைய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அடியோடு தோண்டி எடுக்க ஆரம்பித்தேன். முதல் நாளே பாடம். நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நின்ற சின்னச் சாம்பல் குடைகளை ‘மண்ணில் முளைத்தது’ என்று முன்பு எழுதியிருந்தேன். தோண்டினால் கீழே உளுத்துப்போன வேர்க்கட்டை! கொப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ். கறுத்து மையாக ஒழுகும் காளான்களின் உறவுக்காரன், ஆனால் இது அப்படிக் கரைவதில்லை. அன்றே பழைய பதிவுகளில் நாலு இடத்தில் ‘மண்’ என்பதை அடித்துவிட்டு ‘தெரியாது’ என்று திருத்தினேன்.

புற்றுக்காளான் தோண்டியதுதான் இதுவரை கிடைத்த பெரிய சந்தோஷம். தொப்பியின் நடுவில் கூரான, கெட்டியான முனை. தண்டு மண்ணுக்குள் வேர்போல இறங்கிக்கொண்டே போனது. ஒரு முழம் தோண்டியும் முடியவில்லை, கடைசியில் ஒடிந்துவிட்டது. அந்த வேர் போய்ச் சேரும் இடம் கரையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். மென்ற இலைதழை, மரத்தூளை அடுக்கி, அதன் மேல் கரையான்களே இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. பேரினத்தின் பெயரே தெர்மிட்டோமைசிஸ், கரையான் பூஞ்சை. முளைத்த இடத்தைப் பார்த்தே பாதிப் பெயரைச் சொல்லிவிடலாம்.

பிறகு ஸ்போர்த் தூள் பதிவு, அதாவது காளான் விதைபோல உதிர்க்கும் நுண்தூளின் நிறத்தைக் காகிதத்தில் பிடிப்பது. தண்டை வெட்டிவிட்டு, செவுள் (தொப்பியின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள்) கீழே இருக்கும்படி தொப்பியைக் காகிதத்தில் வைத்து, டம்ளரால் மூடி, ஒரு ராத்திரி விட வேண்டும். கேட்க எளிது. முதல் பதிவை மூட மறந்தேன், மின்விசிறிக் காற்றில் போயிற்று. இரண்டாவது, வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைத் தூள். விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்றாவது தொப்பி ஏற்கெனவே காய்ந்துபோனது. இப்போது பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒட்டிய காகிதம் வைத்திருக்கிறேன், தொப்பி மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுகிறேன்.

இதன் அருமை ஆறாவது வாரம் புரிந்தது. புல்வெளியில் வட்டமாகப் பெரிய வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். செவுள் சுத்த வெள்ளை. ‘மேக்ரோலெபியோட்டா’ என்று பேரினப் பெயரைப் பேனாவால் எழுதினேன், பென்சிலால்கூட இல்லை. காலையில் டம்ளரை எடுத்தால் காகிதத்தில் மங்கலான பச்சை! பச்சைத் தூள் உதிர்க்கும் காளான் மிக அபூர்வம். இது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்றால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. இளசாக இருக்கும்போது இதன் செவுளும் வெள்ளைதான். திரும்பப் போய்ப் பார்த்தேன். அதே வட்டத்தில் இருந்த முற்றிய குடைகளின் செவுள் பச்சை கலந்த சாம்பலாக இருந்தது. அழகான இளசை மட்டும் பறித்தது என் தப்பு. ஸ்வீடன் நாட்டுப் பூஞ்சை ஆய்வாளர் எலியாஸ் ஃப்ரீஸ் 1821-லேயே செவுள் காளான்களைத் தூளின் நிறம் வைத்துத்தான் பிரித்தார். பழைய முறை என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

ருசுலாவும் கிடைத்தது. தண்டு சாக்பீஸ் மாதிரி ‘டக்’கென்று ஒடியும், நாராகக் கிழியாது. உயிருள்ள மரவேர்களோடு கூட்டு வைத்து வாழ்வதால் மரத்தடியில்தான் தேட வேண்டும். சிற்றினம் தேடப் போய்த் தலை சுற்றியது. ‘ருசுலா, சிவப்பு’ என்று எழுதி மூடிவிட்டேன்.

போன வாரம் முட்டையைப் பிளந்துகொண்டு வருவதுபோல ஒன்று, அடியில் கிழிந்த பையோடு. அந்தப் பை வால்வேரியெல்லா என்ற பேரினத்துக்கும் உண்டு, ஆளைக் கொல்லும் அமானிட்டாக்களுக்கும் உண்டு. இளசில் இரண்டின் செவுளும் வெள்ளை. தண்டில் வளையம் இருந்தால் வால்வேரியெல்லா இல்லை. ஆனால் வளையம் உதிர்ந்துபோயிருக்கலாம் என்பதால் அது இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. தூள் இளஞ்சிவப்பாக விழுந்தது, வால்வேரியெல்லா. சரி. ஆனால் உடனே நினைவுக்கு வந்தது முதல் வாரத்துப் பதிவு 7: வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் செவுள், ஒடித்த தண்டு. அடியில் பை இருந்ததா? அது மண்ணிலேயே தங்கிவிட்டது. மரணத்தொப்பி எனப்படும் அமானிட்டா ஃபாலாய்டெஸைத் தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஒன்றும் தெரியாது. பிறகுதான் வாந்தி, அப்புறம் கல்லீரல். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி அரித்தது நல்ல காளான் என்பதெல்லாம் சும்மா பேச்சு. பதிவு 7-ஐ அடிக்காமல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ‘பறித்த விதம் தப்பு’ என்று மட்டும் எழுதி.

இப்போது டம்ளருக்கடியில் பதிவு 41. விழுந்த மரத்தில் கொத்தாக நின்றது, பழுப்புத் தொப்பி, மெல்லிய வளையம். தூள் வெள்ளையாக விழுந்தால் ஆர்மில்லேரியா பக்கம் தேடலாம். துரு நிறமாக விழுந்தால் ஜிம்னோபைலஸாக இருக்கலாம், மரணத்தொப்பியின் அதே நஞ்சு உள்ள கலெரினாவாகவும் இருக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், இன்னும் எதுவும் விழவில்லை.