ஆத்தாவைப் பார்க்க வந்த செவிலியர்

ஜூலை 7, திங்கள்

ஆத்தாவின், அதாவது அம்மாவின், மறதியைச் சோதித்துப் பார்க்க மதுரை நரம்பியல் மருத்துவரின் செவிலியர் வியாழனன்று பள்ளத்தூருக்கே வருகிறார். எல்லா மாத்திரைகளையும், லேகியம் உட்பட, எடுத்து வைக்கச் சொன்னார். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வேண்டுமாம்; அவை குறைந்தாலும் மறதி வரும், அதைச் சரிசெய்துவிடலாம். காதுக் கருவியையும் கேட்டார். அது பீரோவில் கிடக்கிறது. மாட்டிவிட்டால், "ஊரே காதுக்குள் இரைகிறது" என்று ஆத்தா கழற்றிவிடுவார்.

ஜூலை 9, புதன்

விளக்கு வைத்ததும் தொடங்கிவிட்டார். "வண்டி பூட்டச் சொல், வீட்டுக்குப் போகவேண்டும்." வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் பட்டாலைத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சு. சென்னையிலிருந்து அண்ணன், "வருகிறவரிடம் ஆத்தா பளிச்சென்று பேசிவிடுவார், பார்" என்கிறார். அவரிடமும் தொலைபேசியில் அப்படித்தானே பேசுகிறார்!

ஜூலை 10, வியாழன்

அண்ணன் சொன்னது பலித்தது. "வாருங்கள், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள்?" என்று உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. வந்தவரோ பழுத்த ஆள். காபியைக் குடித்தபடியே பேச்சோடு பேச்சாகக் கேள்விகளை நுழைத்தார். இது என்ன மாதம், ஆச்சி? "கார்த்திகை." மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துக் கேட்டார், ஒன்றுகூட வரவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65. வட்டிக் கணக்குப் பார்த்த மூளை, தயக்கமே இல்லை. கடிகாரம் வரையும்போது பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கியடித்து நின்றன. முள்ளை எங்கே போடுவதென்று தெரியாமல் பேனாவை என்னிடம் நீட்டினார் ஆத்தா.

மொத்தம் 30 மதிப்பெண். ஐந்தாவது வரை படித்தவருக்கும் கல்லூரி முடித்தவருக்கும் ஒரே அளவுகோல் கூடாதாம்; நோய் இன்னதென்று மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

மறதிக்கென்று இரவு கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். சளிக்கென்று கடையில் வாங்கிய, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையைத் தனியே ஒதுக்கினார். அந்த வகை குழப்பத்தைக் கூட்டுமாம்.

செட்டிநாட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் தேக்குத் தூணைப் பார்ப்பார்கள். இவர் பார்த்தது நிலைப்படிகளின் உயரம், மழை பெய்தால் வழுக்கும் வளவு (உள்முற்றம்), கேஸ் வால்வு, கொல்லைக் கிணறு. கிணற்றுக்கு வலை போடவேண்டும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு. கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள். ஆனால் ஆத்தாவைத் தனியே வைத்துப் பூட்டவே கூடாது.

அந்திப் பேச்சுக்கு, "இதுதான் உங்கள் வீடு" என்று வாதாடாமல், அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டதென்று இருந்துவிடாமல் சிறுநீரைப் பரிசோதிக்கவேண்டும், தொற்று இருக்கலாம்.

கடைசியில் என்னை மட்டும் முகப்புக்கு அழைத்தார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கோபத்தில் கை ஓங்கியதுண்டா? வெளியே போய் எவ்வளவு நாளாயிற்று? இதற்கும் ஒரு படிவம் வைத்திருந்தார். கழித்தல் கணக்கே தேவலை.

ஜூலை 13, ஞாயிறு

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நேற்று அந்தியில் கேட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. முகப்புக்கும் வளவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். இன்று, "அப்பச்சி பினாங்கிலிருந்து வந்திருக்கிறார்" என்று தன் அப்பாவில் தொடங்கி, பிறந்த கோனாபட்டு வீட்டின் கதை முழுவதும் சொன்னார். பேச்சோடு பேச்சாக இடியாப்பமும் இறங்கிவிட்டது.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

"எத்தனை மார்க்?" என்றார் அண்ணன். அதைச் சொல்லாமல், என்னிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆடிப்பெருக்குக்கு வந்து நான்கு நாள் தங்குகிறாராம். மாத்திரை வேளை, தாழ்ப்பாள், அந்திப் பேச்சு எல்லாவற்றையும் தாளில் எழுதி ஒட்டிவிட்டு, நான் திருச்சிக்கு மகளிடம் போகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று.